பழைய மஸ்டாங் வளைவில் சொன்னபடி கேட்கவில்லையா? அறிகுறியைப் பார்த்து சஸ்பென்ஷனைச் சரிசெய்யும் வழி

இது 1965, 1966 ஃபோர்டு மஸ்டாங் வைத்திருப்பவர்களுக்காக எழுதுவது. 1967 முதல் 1970 வரை வந்த வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். நான் இருப்பது டெட்ராய்ட் பக்கம். குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுவார்கள், வசந்தம் வந்தால் எங்கு பார்த்தாலும் குழி. என்னிடம் இருப்பது 1966 கூபே, 289 வி8, பவர் ஸ்டியரிங் கிடையாது. இந்த வண்டியைச் சரியாக ஓட வைக்க நான் பட்ட பாட்டில் பாதி, தப்பான இடத்தில் காசு போட்டதால் வந்தது.

இந்த மாதிரி வண்டி வாங்கியதும் எல்லோரும் முதலில் தேடுவது "முழு சஸ்பென்ஷன் கிட்". ஸ்பிரிங், ஷாக், ஸ்வே பார் (உடல் சாய்வைக் குறைக்கும் கம்பி), பாலியூரிதேன் புஷ் (மூட்டுகளில் வைக்கும் மெத்தை வளையம்) எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும். தேய்ந்த ஐட்லர் ஆர்மோடும் (ஸ்டியரிங் இணைப்பில் ஒரு கை) உள்பக்கம் சாய்ந்த ஷாக் டவரோடும் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் நிற்கும் இரும்புக் கோபுரம்) அந்தக் கிட்டை மாட்டினால், பழைய கோளாறுகள் அப்படியே இருக்கும், வண்டி மட்டும் முரட்டுத்தனமாகக் குதிக்கும். அதனால் அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்.

அமைப்பை ஒரு நிமிடம் நினைவில் வையுங்கள். 1964 ஏப்ரலில் வந்த மஸ்டாங், ஃபால்கன் என்ற சிக்கனக் காரின் அடித்தளத்தில் கட்டியது. முன்பக்கம் சக்கரத்தைப் பிடிக்க மேலே ஒரு கை (அப்பர் ஆர்ம்), கீழே ஒரு கை (லோயர் ஆர்ம்). காயில் ஸ்பிரிங் லோயர் ஆர்மில் உட்காராது. அப்பர் ஆர்மின் மேல் உட்கார்ந்து, ஷாக் டவருக்குள் ஏறி நிற்கும். லோயர் ஆர்ம் ஒரே ஒரு போல்ட்டில் தொங்கும். அது முன்னும் பின்னும் போகாமல் பிடித்துக்கொள்வது ஸ்ட்ரட் ராட். பின்னால் தகடுகளை அடுக்கிய லீஃப் பட்டையும் முழு ஆக்ஸிலும். இதில் எந்த உறுப்பு சோர்ந்தாலும் அதற்கென்று ஒரு அறிகுறி உண்டு.

வேலைக்கு முன் ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங் அப்பர் ஆர்மின் மேல் இருப்பதால், வெளியே கொக்கி மாட்டி இறுக்கும் சாதாரண ஸ்பிரிங் கம்ப்ரஸர் இதற்கு ஆகாது. ஷாக்கைக் கழற்றிவிட்டு, மேலே டவர் வழியாக உள்ளே இறக்கும் வகைதான் வேண்டும். அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் கை போகும், உயிரும் போகலாம். வண்டியை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தாமல் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீர்கள்.

நேர்ச்சாலையில் வண்டி அலைகிறது, ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது

பத்தில் எட்டு பேர் சொல்லும் குறை இது. முதலில் டயர் காற்று. அந்தக்கால பயஸ் பிளை டயருக்கு எழுதிய அழுத்தத்தை இன்றைய ரேடியலில் வைத்திருக்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன். 30 முதல் 32 பிஎஸ்ஐ வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து ப்ளே, அதாவது மூட்டுகளின் தளர்வு. சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதாக ஆட்ட வேண்டும். நீங்கள் முன்னால் குனிந்து, ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் வைத்துப் பாருங்கள். ஸ்டியரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்துபவை இவை: பிட்மேன் ஆர்ம், சென்டர் லிங்க், ஐட்லர் ஆர்ம், நாலு டை ராட் எண்ட். ஒரு துண்டு நகர்ந்து அடுத்த துண்டு தாமதமாக நகர்ந்தால் அந்த மூட்டு போய்விட்டது. இந்த வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஐட்லர் ஆர்மைத்தான். அதன் ரப்பர் தளர்ந்தால் சென்டர் லிங்க் மேலும் கீழும் ஆடும், இரு சக்கரமும் ஆளுக்கொரு திசை பார்க்கும்.

புது ஐட்லர் ஆர்ம் மாட்டும்போது சக்கரங்கள் நேராக இருக்கும் நிலையில்தான் நட்டை இறுக்க வேண்டும். ரப்பர் உலோகத்தோடு ஒட்டியது. திருப்பிய நிலையில் இறுக்கினால் அது முறுக்கிய ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து, வண்டியை எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும். அலைன்மென்ட் கடைக்கு நாலு முறை போனாலும் அந்த இழுப்பு போகாது.

மூட்டுகள் எல்லாம் சரி, ஆனாலும் ஸ்டியரிங்கில் இரண்டு விரல்கடை ப்ளே இருக்கிறது என்றால் ஸ்டியரிங் பாக்ஸுக்கு வாருங்கள். மேல்மூடியில் ஒரு ஸ்க்ரூவும் பூட்டு நட்டும் இருக்கும். சக்கரம் நேராக இருக்கும்போது மட்டும் அதைத் தொடுங்கள். பாக்ஸ் மிக இறுக்கமாக இருக்கும் இடம் நடுவேதான். திருப்பிய நிலையில் ப்ளேயை எடுத்தால், நேரே வரும்போது பல் கடித்துக்கொள்ளும். கால் சுற்றுக்கு மேல் திருக வேண்டி வந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று பொருள், திருகித் தீராது. பாக்ஸைப் பிரித்துப் பழுது பார்க்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட். கடைக்காரர் கணினியில் 1966 மஸ்டாங் என்று தட்டினால் வரும் எண்கள் அந்தக்கால டயருக்கானவை. ரேடியல் டயருக்கு நான் எழுதிக் கொடுக்கும் சீட்டு இதுதான்: கேம்பர் (சக்கரத்தின் தலை உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) மைனஸ் 0.5 முதல் மைனஸ் 0.75 டிகிரி. காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாயும் கோணம்) பிளஸ் 2 முதல் பிளஸ் 3 டிகிரி, பவர் ஸ்டியரிங் இருந்தால் பிளஸ் 4 வரை போகலாம். டோ இன் (முன் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே ஒடுங்கும் அளவு) மொத்தம் 2 முதல் 3 மி.மீ. காஸ்டர் கூடினால் நேர்ச்சாலையில் வண்டி தானாக நேரே நிற்கும், வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரும். ஒரு ஸ்பேர் பார்ட் கூட வாங்காமல், வண்டி இவ்வளவு மாறுவது வேறு எந்த வேலையிலும் கிடையாது.

1965, 66 வண்டிகளில் இந்த அளவுகளை மாற்றுவது அப்பர் ஆர்முக்கும் ஷாக் டவருக்கும் இடையே வைக்கும் ஷிம் தகடுகளால். தகட்டை எடுத்தால் சக்கரத்தின் தலை உள்ளே வரும், அதாவது கேம்பர் மைனஸ் பக்கம் போகும். முன் போல்ட்டில் தகடு கூட்டி, பின் போல்ட்டில் குறைத்தால் காஸ்டர் கூடும். 1967 முதல் கேம்பருக்கு லோயர் ஆர்மில் எக்சென்ட்ரிக் போல்ட் வந்துவிட்டது. கடையில் இருக்கும் இளைஞர்களுக்குப் பல நேரம் ஷிம் விஷயம் தெரியாது. "இதில் டோ மட்டும்தான் மாற்ற முடியும்" என்று சொன்னால், பொறுமையாக அந்தத் தகடுகளைக் காட்டுங்கள்.

வளைவில் மூக்கு வெளியே தள்ளுகிறது, முன் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது

இதுதான் இந்த வண்டியின் பிறவிக் குறை. வளைவில் உடல் வெளிப்பக்கம் சாயும்போது, வெளிச்சக்கரம் மேலே ஏறுகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி அப்பர் ஆர்மின் உள்முனை உயரத்திலும், வெளிமுனை தாழ்ந்தும் இருக்கும். சக்கரம் மேலே ஏற, அந்தச் சரிவான கை கிடைமட்டத்துக்கு வருகிறது. அப்போது அதன் வெளிமுனை இன்னும் வெளியே நகர்ந்து, சக்கரத்தின் தலையை வெளியே தள்ளிவிடுகிறது. பிடிப்பு மிகவும் தேவைப்படும் அந்த நொடியில் டயர் வெளி ஓரத்தில் நிற்கிறது. கனமான இரும்பு வி8 முன்னால் இருக்கிறது. மூக்கு எப்படித் திரும்பும்?

இதற்கான வைத்தியத்தை ஃபோர்டின் சஸ்பென்ஷன் பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் கண்டார். அப்பர் ஆர்ம் டவரில் மாட்டும் இடத்தை 1 அங்குலம், அதாவது 25 மி.மீ. கீழே இறக்கினால் போதும். கை சரிவு இல்லாமல் நிற்கும், சக்கரம் ஏறும்போது தலை உள்ளே சாயும், டயர் முழு அகலத்தில் தரையைப் பிடிக்கும். மஸ்டாங்கை வைத்து ஷெல்பி நிறுவனம் கட்டிய வேக வண்டியான 1965 ஷெல்பி ஜிடி350-இல் இந்த மாற்றம் வந்தது. அதே ஆண்டு அந்த வண்டி அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்ற கார் பந்தயச் சங்கத்தின் பி புரொடக்ஷன் பிரிவில் தேசியப் பட்டத்தையும் வென்றது. 1966 மாடல் தயாரிப்பின்போது செலவு மிச்சம் பிடிக்க ஷெல்பி இதைக் கைவிட்டது. நமக்கு ஆகும் செலவு ஒரு துளையிடும் அச்சுத்தகடும் ஒரு மதிய நேரமும் மட்டும்.

செய்முறை: ஸ்பிரிங்கைப் பாதுகாப்பாக அழுத்தி வெளியே எடுங்கள். அப்பர் ஆர்மைக் கழற்றுங்கள். டவரை வயர் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று விளக்கு பிடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் முதலில் வெல்டிங், பிறகுதான் துளை. அச்சுத்தகட்டைப் பழைய துளைகளில் போல்ட் போட்டு இறுக்கி, புதுத் துளைக்குச் சிறிய ட்ரில் பிட்டில் வழி போட்டு, படிப்படியாக போல்ட் அளவுக்குப் பெரிதாக்குங்கள். ஒரேயடியாகப் பெரிய பிட்டைப் போட்டால் துளை நகர்ந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வராவிட்டால், இடத்துக்கு ஒரு வண்டி வலத்துக்கு ஒரு வண்டி என்று ஆகிவிடும். வெட்டிய விளிம்புக்குப் பெயின்ட் அடிக்க மறக்காதீர்கள். எங்கள் ஊர் உப்பு அங்கேதான் முதலில் வேலையைக் காட்டும்.

பழைய துளைகள் அப்படியே இருக்கும், வேண்டாம் என்றால் திரும்பிப் போகலாம். முன்பக்கம் சுமார் 15 மி.மீ. இறங்கும், அது நல்லதுதான். "1 அங்குலம் நல்லது என்றால் 2 அங்குலம் இன்னும் நல்லது" என்று யோசிக்க வேண்டாம். அதிகம் இறக்கினால் அப்பர் பால் ஜாயிண்ட் தன் கோணத்தின் எல்லையை முட்டும். கோணத்தைத் திருத்தும் ஆப்புத் துண்டு இல்லாமல் அப்படி ஓட்டுவது ஆபத்து. துளை போட்ட அன்றே அலைன்மென்ட்டும் செய்துவிடுங்கள், பழைய ஷிம் கணக்கு இனி செல்லாது.

உடல் அதிகம் சாய்கிறது

மேலே சொன்னதைச் செய்த பிறகும் சாய்வு அதிகமாகத் தோன்றினால், முன்பக்கம் 1 அங்குல ஸ்வே பார். 1965 ஜிடி350-இல் இருந்ததும் அதே தடிமன்தான். தொழிற்சாலை பாரைவிட அது எவ்வளவோ விறைப்பு. பின்பக்கம் பார் வேண்டுமா என்று கேட்பார்கள். தெருவில் ஓட்டும் வண்டிக்கு வேண்டாம் என்பேன். முதலில் முன்பக்கம் மட்டும் போட்டு ஒரு கோடைக்காலம் ஓட்டுங்கள். பின் பார் கனமாகப் போனால், மழையில் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை விட்டதும் வால் சுற்றிக்கொண்டு முன்னால் வரும்.

குழியில் இறங்கினால் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் வெட்டுகிறது

இது பம்ப் ஸ்டியர். சக்கரம் மேலும் கீழும் போகும்போது டை ராட் ஒரு வட்டத்திலும் சஸ்பென்ஷன் கைகள் வேறு வட்டத்திலும் சுழல்கின்றன. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். வண்டியை அதிகம் தாழ்த்தியவர்களுக்கு இது வரும். 1970-களின் ஃபோர்டு கிரனாடா காரின் ஸ்பிண்டிலை (சக்கரம் சுழலும் அச்சுத் துண்டு) எடுத்து டிஸ்க் பிரேக் மாற்றியவர்களுக்கும் வரும், அதன் ஸ்டியரிங் கை உயரம் இந்த வண்டிக்குப் பொருந்தாது. பழைய வண்டி வாங்கியவர்கள், முன் உரிமையாளர் பிரேக்கை எதிலிருந்து எடுத்துப் போட்டார் என்று கட்டாயம் கேட்டு வையுங்கள்.

அளக்க எளிய வழி: ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, வண்டியை ஓடும் உயரத்தில் ஸ்டாண்டில் வைத்து, ஸ்டியரிங்கை நேராகப் பூட்டுங்கள். சக்கரத்துக்குப் பதில் ஹப்பில் ஒரு நேரான பலகையைப் போல்ட் செய்து, அதன் முன்முனை, பின்முனை இரண்டுக்கும் எதிரே ஒவ்வொரு குத்துக்கோலை நிறுத்தி இடைவெளியைக் குறியுங்கள். இப்போது ஜாக்கியால் ஹப்பை 25 மி.மீ. ஏற்றி, மறுபடி அளந்து, 50 மி.மீ. ஏற்றி, பிறகு அதே அளவு இறக்கி எழுதிக்கொள்ளுங்கள். முன் இடைவெளிக்கும் பின் இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம் 50 மி.மீ. ஏற்றத்துக்குள் 1.5 மி.மீ. தாண்டாவிட்டால் கவலை இல்லை. தாண்டினால், வெளி டை ராட் எண்டுக்குப் பதிலாக வளையங்கள் வைத்து உயரம் மாற்றும் பம்ப் ஸ்டியர் கிட் போடலாம். ஒவ்வொரு வளையமாக மாற்றி அளந்து பார்த்தால் சரியான உயரம் கிடைத்துவிடும். அளக்காமல் கிட் மாட்டுவதில் எந்தப் பலனும் இல்லை.

பிரேக் பிடித்தால் "டக்" என்று சத்தம், கூடவே ஒரு பக்கம் இழுப்பு

முதலில் பிரேக்கையே பாருங்கள். டிரம் இரு பக்கமும் ஒரே அளவு சரிசெய்திருக்கிறதா, ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறதா, சிலிண்டர் ஒழுகுகிறதா? அங்கே குறை இல்லை என்றால் ஸ்ட்ரட் ராட் புஷ். ரப்பர் நைந்து போனால், பிரேக் பிடிக்கும்போது லோயர் ஆர்ம் பின்னால் போகும், அந்தப் பக்கக் காஸ்டர் நொடியில் மாறும்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதம். ஸ்ட்ரட் ராடுக்கு இரண்டு பக்கமும் பாலியூரிதேன் புஷ் போடாதீர்கள். சக்கரம் ஏறி இறங்கும்போது ராடின் முன்முனை சிறு கோணத்தில் ஆட வேண்டும். ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும். விறைப்பான பாலியூரிதேன் கொடுக்காது, அந்த வளைவு முழுவதும் ராடின் மரையில் போய் விழும். என் நண்பரின் வண்டியில் ஒரு கடை அப்படிப் போட்டு அனுப்பியது. இரண்டாவது கோடையில் மரை அடியில் மயிரிழை விரிசல். நல்லவேளை, ஜாக்கியில் ஏற்றியபோது கண்ணில் பட்டது. நெடுஞ்சாலையில் பிரேக் பிடிக்கும்போது அது அறுந்திருந்தால் சக்கரம் பின்னால் மடங்கியிருக்கும். நல்ல ரப்பர் போடுங்கள். இல்லையென்றால் உருண்டை மூட்டு வைத்த ஸ்ட்ரட் ராட் வாங்குங்கள்.

வேகத்தடையில் பழைய கட்டில் மாதிரி கிரீச்

அப்பர் ஆர்மின் இரும்பு ஷாஃப்ட் வறண்டுவிட்டது. கிரீஸ் போடும் இடம் டவரை ஒட்டி ஒளிந்திருக்கும், கைக்கு எட்டாது. அதனாலேயே இந்த வண்டிகளில் பாதிக்கு ஆண்டுக்கணக்கில் கிரீஸ் விழுவதில்லை. வளைந்த முனை வைத்து கிரீஸ் அடித்தும் சத்தம் போகாவிட்டால், ஸ்பிரிங்குக்குக் கீழே அதைத் தாங்கும் இருக்கையான பெர்ச்சின் ரப்பர் கிழிந்திருக்கும். பேரிங் வைத்த ரோலர் பெர்ச் விலை கூடுதல்தான். ஆனால் சத்தம் போவதோடு சிறு மேடு பள்ளங்களைச் சக்கரம் மென்மையாக ஏறி இறங்குவதும் கையில் தெரியும். காசு இருந்தால் நான் இரண்டாவதாகச் செய்யச் சொல்லும் வேலை இது.

புது ஸ்பிரிங் போட்டும் ஒரு பக்கம் உயரமாக நிற்கிறது

காயிலின் கீழ்முனை பெர்ச்சில் உள்ள தடுப்பை ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் சுழன்று உட்கார்ந்தால் உயரம் மாறிவிடும். அது சரியென்றால் புஷ் இறுக்கிய விதத்தைப் பாருங்கள். லோயர் ஆர்ம் போல்ட்டைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், அந்த நிலையிலேயே ரப்பர் பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு உடலை மேலே தூக்கும், சில மாதத்தில் கிழிந்தும் போகும். இந்தத் தப்பை நானும் செய்து, ஒரு ஜோடி லோயர் ஆர்மைப் பாழாக்கியிருக்கிறேன். போல்ட்டுகளைக் கையால் மட்டும் போட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, நாலு முறை அழுத்தி ஆட்டிவிட்டு, பிறகு டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) எடுங்கள். பின் பட்டைகளின் முன்கண் (பட்டையின் முன்முனை வளையம்) போல்ட்டுக்கும் பின்முனையைத் தாங்கும் ஷேக்கிளுக்கும் இதே முறைதான்.

கிளம்பும்போது பின் சக்கரங்கள் துள்ளுகின்றன

ஆக்ஸில் சுழலும் விசைக்குப் பட்டை எஸ் வடிவில் முறுக்கி, விட்டு, மறுபடி முறுக்குகிறது. இந்த முறுக்கலைத் தடுக்கும் ட்ராக்ஷன் பார் வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள்: ஆக்ஸிலைப் பட்டையோடு கட்டும் யு போல்ட்டின் தளர்வு, முன்கண் புஷ், சாரமிழந்த ஷாக். பட்டையே தொய்ந்து தட்டையாகிவிட்டது என்றால் புதிது போடுங்கள். தெருவுக்கு நாலரைத் தகடு (நாலு முழுத் தகடும் ஒரு குட்டைத் தகடும்) உள்ள பட்டை போதும், அஞ்சு வேண்டாம்.

உப்பு விழும் ஊர்க்காரர்கள் முன்கண் மாட்டும் இடத்தைச் சுத்தியலின் பின்புறத்தால் தட்டிப் பாருங்கள். மொத்தென்று மந்தமாகச் சத்தம் வந்தால், அல்லது துரு செதிலாக உதிர்ந்தால், சஸ்பென்ஷன் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அந்த இரும்பை வெட்டி மாற்றும் வரை வண்டி ஓடக்கூடாது.

அலைன்மென்ட் நிற்பதில்லை, எவ்வளவு ஷிம் சேர்த்தும் இரு பக்கமும் ஒத்துவரவில்லை

இதைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் எழுதியிருக்கலாம். ஆனால் மேலே உள்ள அளவெல்லாம் புரிந்த பிறகுதான் இது புரியும். முன்பக்க எடை முழுக்க ஷாக் டவரின் தலையில்தான் விழுகிறது. ஐம்பது அறுபது ஆண்டு குழிகளில் விழுந்து, அந்த இரண்டு கோபுரங்களும் மெல்ல மெல்ல இன்ஜின் பக்கம் சாய்கின்றன. சாயும்போது அப்பர் ஆர்மையும் உள்ளே இழுத்துச் செல்கின்றன.

கண்டுபிடிக்க வழி: இரு டவர்களையும் இணைக்கும் நேரான மாண்டி கார்லோ பாரை இரவல் வாங்கி வைத்துப் பாருங்கள். துளைகள் கையால் போல்ட் நுழையும் அளவுக்கு ஒத்துவந்தால் நல்லது. பார் நீளமாகத் தெரிந்தால் டவர் நகர்ந்திருக்கிறது. சில மில்லிமீட்டர் என்றால், வண்டியின் முன்பாரத்தைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டு நீளம் மாற்றக்கூடிய பாரால் மெதுவாகத் தள்ளிப் பிடிக்கலாம். அதற்கு மேல் என்றால், உடற்சட்டம் நேராக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். இரும்புக் குழாயும் ஜாக்கியும் வைத்து வீட்டில் தள்ளினால் டவர் அடியில் கிழியும்.

நேரான பிறகு, டவர்களை ஃபயர்வாலோடு (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவர்) பிணைக்கும் ஒரே துண்டு எக்ஸ்போர்ட் பிரேஸ் போடுங்கள். தொழிற்சாலை கொடுத்த மெல்லிய இரண்டு துண்டுகளை எடுத்துவிட்டு அதே போல்ட்களில் மாட்டிவிடலாம். அதோடு மாண்டி கார்லோ பார். இந்த இரண்டும் போட்ட அன்று, குழியில் இறங்கும்போது டேஷ்போர்டிலிருந்து வந்துகொண்டிருந்த நடுக்கம் என் வண்டியில் பாதியாகக் குறைந்தது.

எல்லாம் மாட்டி 300 மைல் ஓட்டிய பிறகு, யு போல்ட், ஸ்ட்ரட் ராட் நட்டு, அப்பர் ஆர்ம் நட்டு மூன்றையும் மறுபடி டார்க் ரென்சில் சரிபாருங்கள். புது ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதனால் தரையிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு மூலையும் அளந்து குறித்துக்கொண்டு, அந்தச் சீட்டோடு இரண்டாவது அலைன்மென்ட்டுக்குப் போங்கள்.